மாம்பழமும் அறுபதாயிரம் டாலரும்

ஒன்றுவிட்ட தங்கையின் மகன் டிசம்பர் கடைசியில் ஒரு கட்டுரையோடு வந்தான். மார்ச் கடைசியில் இரண்டு கடிதங்களோடு வந்தான். இந்த வாரம் விமரிசனத்துக்கு எடுத்துக்கொண்டிருப்பது இவற்றைத்தான். புத்தகக் கண்காட்சியில் தேட வேண்டாம், கிடைக்காது.

கட்டுரை, அமெரிக்க பிசினஸ் ஸ்கூல்களில் எம்.பி.ஏ. சேர்வதற்காக எழுதியது. "கிராமர் மட்டும் பாருங்க மாமா" என்றான். (இப்படிச் சொல்லிக் கொடுக்கப்படும் எதிலும் கிராமர் மட்டும் சரியாக இருக்கும்.)

இது ஒரு தனி இலக்கிய வகை. ஸ்டான்ஃபோர்டில் பல வருஷங்களாகக் கேட்டுவரும் கேள்வி: உங்களுக்கு எல்லாவற்றையும்விட முக்கியமானது எது, ஏன்? உபநிஷத்துக் கேள்வி. இதற்குச் சில நூறு வார்த்தைகளில், இருபத்தேழு வயதில் பதில் சொல்லியாக வேண்டும். அதனால் எல்லார் கட்டுரையிலும் ஒரு தாத்தா வருகிறார். ஒரு தோல்வி வருகிறது, மூன்றாவது வரியில் அது வெற்றியாகிவிடுகிறது. ஏழைக் குழந்தைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லித் தருகிறார்கள். இவனும் தந்திருந்தான், இரண்டு சனிக்கிழமை. ஆனால் 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில், கூட வேலை செய்த பெண்கள் மாட்டிக்கொண்டிருந்த பள்ளிக்கரணை ஹாஸ்டலுக்கு இடுப்பளவுத் தண்ணீரில் குடிநீர் கேன் தூக்கிப் போனதை ஒரே வரியில் முடித்திருந்தான். "அதுல லீடர்ஷிப் எங்க மாமா இருக்கு?" பாதிக் கட்டுரையை அடித்துவிட்டு அதை எழுதச் சொன்னேன்.

நான் கைவைக்காதது கடைசிப் பத்தி. படிப்பு முடிந்து திரும்பி வந்து, கிருஷ்ணகிரி மாம்பழ விவசாயிகளுக்குக் குளிர்பதனக் கிடங்கு கட்டப்போவதாக எழுதியிருந்தான். தாத்தாவுக்கு அங்கே தோப்பு. விலை விழுந்த வருஷம், பறிக்கிற கூலிகூடத் தேறாதென்று பழத்தை மரத்திலேயே விட்டதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறான். அந்தப் பத்தியில் மட்டும் ஒரு பெரிய வார்த்தைகூட இல்லை.

பொதுவாக இந்த உலகத்தைப் பற்றிய உண்மை, பட்டம் வாங்கின பிறகுதான் எழுதப்படுகிறது. டெய்லி டெலிகிராஃபின் பாரிஸ் நிருபராக இருந்த ஃபிலிப் டெல்வ்ஸ் பிராட்டன் 2004-ல் ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலில் சேர்ந்தார். 2006-ல் பட்டம் வாங்கியபோது கையில் வேலை இல்லை. 2008-ல் அந்த இரண்டு வருஷத்தைப் புத்தகமாக எழுதினார். சேருவதற்கு முன்னால் எழுதும் கட்டுரையையும் இந்த மாதிரிப் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துப் படித்தால், ஒரே ஆள் எழுதும் விஷயங்கள் என்று நம்ப முடியாது.

இப்போது கடிதங்கள். முதலாவது, பெயரைச் சொன்னாலே கல்யாண மார்க்கெட்டில் மதிப்பு ஏறும் பள்ளி. வாழ்த்துகிறார்கள், காசு கிடையாது. இரண்டாவது, அவ்வளவு பேர் அறியாத பள்ளி. 60,000 டாலர் ஸ்காலர்ஷிப், கூடவே நாலு உயர்வுநவிற்சி அணிகள். என் தங்கை அந்தப் பக்கத்தை லேமினேட் பண்ணப் போனாள்.

ஸ்காலர்ஷிப் என்ற சொல் சரஸ்வதி பூஜை வாசனை அடிக்கிற சொல். உள்ளே இரண்டு வேறு சங்கதிகள் இருக்கின்றன. ஒன்று, உங்கள் வசதியைப் பார்த்துத் தருவது. ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் அப்படித்தான் தருகிறது. மிகவும் வசதி குறைந்த பத்து சதவீத மாணவர்களுக்கு முழுக் கட்டணமும் தருவதாக 2022-ல் அறிவித்தது. இன்னொன்று, உங்களை இழுக்கத் தருவது, அதாவது தள்ளுபடி. ஸ்டான்ஃபோர்டும் தேவையைப் பார்த்துத்தான் தருகிறோம் என்றுதான் சொல்லிவந்தது. 2017-ல் உதவித்தொகை ஆவணங்கள் பாதுகாப்பில்லாமல் கிடந்து ஒரு மாணவர் கண்ணில் பட்டன. தேவைக்குச் சம்பந்தமில்லாமலும் பணம் போயிருந்தது. வகுப்புக்கு வேண்டியவர்களை ஈர்க்கக் கூடுதலாகக் கொடுத்ததுண்டு என்று டீன் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

தள்ளுபடி தப்பில்லை. சட்டையைப் போல விலை பார்த்து வாங்கலாம். முதல் பள்ளி வருஷத்துக்கு 80,000, ஆக 1,60,000. இரண்டாவது 76,000, ஆக 1,52,000. இதில் 60,000 கழிந்தால் 92,000. (நாலாவது பத்தியைப் படித்தால்தான் தெரியும், அறுபதாயிரம் இரண்டு வருஷத்துக்கும் சேர்த்து. வீட்டில் எல்லாரும் வருஷத்துக்கு என்று நினைத்திருந்தார்கள்.) வித்தியாசம் 68,000. பத்து சதவீத வட்டி என்றாலும் வருஷத்துக்கு 6,800 டாலர் வட்டி மட்டும். கிருஷ்ணகிரியில் அவ்வளவு லாபம் காட்ட எத்தனை டன் மாம்பழம் வேண்டும் என்று கேட்டேன். பதில் இல்லை. அந்தக் கடனோடு கிடங்கு கட்ட முடியாது, நியூயார்க்கில் கன்சல்டிங் வேலைக்குத்தான் போக முடியும். அதற்கும் விசா சரியாக அமைய வேண்டும். 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி விண்ணப்பத்துக்கு ஒரு லட்சம் டாலர் என்றார்கள். அங்கேயே படித்துவிட்டு மாணவர் விசாவிலிருந்து மாறுபவர்களுக்கு அது இல்லையென்று அடுத்த மாதம்தான் விளக்கினார்கள். இடைப்பட்ட நாட்களில் இவன் அப்பா தூங்கவில்லை.

"முதல் ஸ்கூலுக்கு இந்தக் கடிதத்தைக் காட்டி, ஏதாவது தர முடியுமான்னு எழுதிக் கேளுடா" என்றேன்.

"பேரமா? சீட்டைக் கேன்சல் பண்ணிட்டா என்ன பண்றது மச்சான்?" என்று அவன் அப்பா பதறினார். கத்தரிக்காய்க்கு ரெண்டு ரூபாய் குறைக்க ஐந்து நிமிஷம் நிற்கிறவர். பல பள்ளிகளில் மறுபரிசீலனை கேட்பது சகஜம், மரியாதையாகக் கேட்டால் யாரும் சீட்டைப் பறிப்பதில்லை என்று சொல்லிச் சம்மதிக்கவைத்தோம்.

ஆறு வரி எழுதினான். தாத்தா இல்லை, லீடர்ஷிப் இல்லை. அவன் எழுதியதிலேயே நல்ல உரைநடை அதுதான். நாலாம் நாள் பதில் வந்தது. 20,000 டாலர்.

ஆக இப்போது வித்தியாசம் 48,000. முன்பணம் கட்டக் கெடு இன்னும் ஒன்பது நாள். நேற்று வந்து, டிசம்பரில் கொடுத்த கட்டுரையைத் திருப்பிக் கேட்டான். கடைசிப் பத்தியை நின்றுகொண்டே படித்தான்.

"இதை நான் நிஜமாத்தான் எழுதினேன் மாமா" என்றான், கொஞ்சம் ஆச்சரியத்தோடு.