இரண்டு பழைய வண்டிகள்

என்னிடம் அபிப்பிராயம் கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் கையெழுத்துப் பிரதியோடுதான் வருவார்கள். சென்ற மாதம் ஒருவர் கார்ச் சாவியோடு வந்தார். மதுரையில் ஜவுளிக் கடை வைத்திருக்கும் நண்பர். என்னைவிடப் பத்து வயது இளையவர்.

"அண்ணே, இரண்டு நாவலை எடுத்து வைத்துக்கொண்டு எது உசத்தி என்று பக்கம் பக்கமாக எழுதுகிறீர்கள். இந்த இரண்டு வண்டியையும் பார்த்து ஒரு தீர்ப்புச் சொல்லுங்கள்" என்றார்.

விஷயம் இதுதான். அவரிடம் 1951-ம் வருஷத்து எம்.ஜி. டி.டி. கார் ஒன்று இருக்கிறது. இரண்டு பேர் மட்டுமே உட்காரக்கூடிய திறந்த வண்டி. மில்லில் வேலை பார்த்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊர் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனதை நண்பரின் தகப்பனார் வாங்கினார். கோயம்புத்தூரில் பழைய கார்களைச் சேகரிக்கும் ஒருவருக்கு இப்போது அதன்மேல் கண். பணமாகத் தரவில்லை, ஈடாகத் தம்மிடமுள்ள 1959-ம் வருஷத்து டிரையம்ப் டி.ஆர். 3ஏ காரைத் தருகிறேன் என்கிறார். லாரியில் ஏற்றி மதுரைக்கே அனுப்பி, ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்றும் சொல்லிவிட்டார்.

எனக்கு மோட்டார் சாஸ்திரம் தெரியாது. ஓட்ட மட்டும் தெரியும். இலக்கணம் தெரியாதவன் நாவலைப் படித்து அபிப்பிராயம் சொல்லும் உரிமையோடு இதைச் சொல்கிறேன்.

முதலில் இவற்றின் பூர்வோத்தரம். பந்தயக் குதிரையின் வம்சாவளியைத் தேடிப் போனால் அது வண்டி மாட்டில் போய் முடிந்தது என்றால் நம்புவீர்களா? இந்த இரண்டு வண்டிகளின் கதை அதுதான். எம்.ஜி. என்றால் மாரிஸ் காரேஜஸ். ஆக்ஸ்போர்டில் மாரிஸ் கார் விற்ற கடையின் பெயர். டி.டி.யில் இருக்கும் 1,250 சி.சி. எஞ்சின், மாரிஸ் டென் என்ற சாதாரணக் குடும்பக் காரின் எஞ்சினிலிருந்து வளர்ந்தது. அதே மாரிஸ் டென்தான் நம் நாட்டில் ஹிந்துஸ்தான் டென் என்ற பெயரில் ஓடியது. டிரையம்பின் 1,991 சி.சி. எஞ்சினோ ஸ்டாண்டர்டு வான்கார்டு காரின் வம்சம். வான்கார்டைச் சென்னையில் இருந்த ஸ்டாண்டர்டு கம்பெனி இங்கேயும் விற்றது. அதோடு, அதே குடும்பத்து எஞ்சின்தான் இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்துத் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த பெர்குஸன் டிராக்டரிலும் இருந்தது. உசிலம்பட்டிப் பக்கம் வயலில் நிற்கும் மாஸி பெர்குஸன் டிராக்டர் அந்தப் பெர்குஸனின் பெயரைத்தான் இன்றும் சுமக்கிறது. 'டிராக்டர் எஞ்சினைப் போட்டு ஸ்போர்ட்ஸ் கார் என்கிறார்கள்' என்று அந்த நாளில் டிரையம்பைக் கேலி செய்தவர்கள் உண்டு.

எனக்கு இது கேலியாகப் படவில்லை. எல்லாரும் பேசுகிற பாஷையில்தான் கவியும் எழுதுகிறான். சந்தையில் கத்தரிக்காய் பேரம் பேசிய அதே சொல், அவன் வைத்த இடத்தில் வேறாகிவிடுகிறது. இந்த வண்டிகளைச் செய்தவர்களும் வீட்டு உபயோகச் சொற்களைக் கொண்டே காரியத்தை முடித்திருக்கிறார்கள். ஆகவே 'எஞ்சின் எது பெரிது?' என்ற கேள்வியோடு ஆரம்பிப்பது தப்பு.

ஆனால் நண்பர் அப்படித்தான் ஆரம்பித்திருந்தார். ஒரு காகிதத்தில் நடுவே கோடு கிழித்து இரண்டு பத்தி எழுதிக்கொண்டு வந்திருந்தார். எம்.ஜி.க்கு 54 குதிரைச் சக்தி, டிரையம்புக்கு 100. எம்.ஜி. மணிக்கு 80 மைலைத் தொடுவதற்குள் மூச்சு வாங்கிவிடும். டிரையம்ப் 100 மைலைத் தாண்டும். எம்.ஜி.க்கு நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். டிரையம்புக்கு முன்னால் டிஸ்க் பிரேக். ஒவ்வொரு வரியிலும் டிரையம்புக்கே ஜயம். கடைசி வரியில் மட்டும் எம்.ஜி.யின் பத்தியில் 'அப்பா' என்று எழுதியிருந்தார். கூட்டல் கழித்தலில் அந்த வரியை எப்படிச் சேர்ப்பது என்று தெரியாமல்தான் என்னிடம் வந்திருக்கிறார் என்பது எனக்குப் புரிந்தது.

மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு எம்.ஜி.யில் தல்லாகுளத்திலிருந்து அழகர்கோவில் சாலையில் புறப்பட்டோம். கதவு தாழ்ந்திருக்கிறது, முன்கண்ணாடியை மடக்கிப் பானட்டின்மேல் படுக்க வைக்கலாம். ஸ்டியரிங்கைத் தொட்ட மாத்திரத்தில் வண்டி திரும்புகிறது. முதல் கியரில் போட வண்டி நிற்க வேண்டும். இல்லாவிட்டால் பல்லைக் கடிக்கும். மூன்றுமாவடி தாண்டி, கடச்சனேந்தல் தாண்டி, அப்பன் திருப்பதியை நெருங்கும்போது வேகமுள் 45 மைலைக் காட்டியது. முகத்தில் காற்று அறைந்தது. கிணற்று மோட்டாரின் சத்தமும், ஈர மண்ணின் வாடையும், தேநீர்க் கடையின் விறகுப் புகையும் ஒன்றன்பின் ஒன்றாக வண்டிக்குள் வந்துபோயின. இதற்குமேல் என்ன வேகம் வேண்டும் என்று தோன்றியது. சித்திரை மாசத்தில் கள்ளழகர் இதே சாலையில்தான் மண்டபத்துக்கு மண்டபம் நின்று நின்று மதுரைக்கு வருகிறார். அவசரப்படுகிறவர்களுக்காகப் போட்ட சாலை அல்ல இது.

இவ்வளவும் சொன்னவன் அடுத்ததையும் சொல்ல வேண்டும். திரும்பி வரும்போது ஒரு திருப்பத்தில் ஆட்டு மந்தை குறுக்கே வந்துவிட்டது. நண்பர் பிரேக்கின்மேல் ஏறி நின்றார் என்றே சொல்ல வேண்டும். வண்டி கடைசி ஆட்டுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. ஆட்டுக்காரக் கிழவி வைததில் ஒரு வார்த்தைகூட அநியாயம் இல்லை. நண்பரின் கை நடுங்குவதைப் பார்த்தேன்.

அடுத்த நாள் டிரையம்ப். அதே நேரம், ஆனால் யானைமலையைத் தாண்டி மேலூர் போகும் நான்கு வழிச் சாலை. கதவை எவ்வளவு தாழ்வாக வெட்டியிருக்கிறார்கள் என்றால், கையைத் தொங்கவிட்டால் தார்ச் சாலையைத் தொட்டுவிடலாம். எஞ்சினின் குரல் கனமானது. லாரிகளைத் தாண்டும்போது கியரை மாற்றாமலே தாண்டிப் போகிறது. பிரேக்கை மிதித்தால் நிற்கிறது. அதில் சந்தேகமே வரவில்லை. அந்தப் பிரேக்கைச் செய்தது கர்லிங் கம்பெனி. டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1911-ல் மதுரையில் தொடங்கிய நிறுவனம் வளர்ந்து, 1962-ல் அதே கர்லிங்கோடு சேர்ந்து சென்னை பாடியில் பிரேக் செய்ய ஆரம்பித்தது. இரண்டு வண்டிகளுக்கும் விளக்கும் மின்சாரச் சாமான்களும் லூகாஸ்; அந்த லூகாஸோடும் 1961-ல் கூட்டு உண்டு. ஆக, இரண்டுமே மதுரைக்கு முழு அன்னியம் அல்ல. சம்பந்தி முறை இருக்கிறது.

அந்தச் சாலையில் எம்.ஜி. போயிருந்தால் லாரிகளின் நடுவே கோழிக்குஞ்சு மாதிரி ஒடுங்கியிருக்கும். டிரையம்ப் சமமாக ஓடியது. நன்றாகச் செய்த வண்டி, துணிச்சலான வண்டி. இரண்டில் ஒன்றைப் புதிதாக வாங்கப் போகிறவன் என்னிடம் வந்திருந்தால் டிரையம்பை வாங்கு என்றே சொல்லியிருப்பேன்.

பட்டறையில் பாயிடமும் கேட்டோம். நாற்பது வருஷமாகப் பழைய எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டுகிறவர். "முதலாளி, பெரிய வண்டியில் சிலிண்டர் லைனர் தனி. தேய்ந்தால் உருவிவிட்டு வேறு போட்டுவிடலாம். சின்ன வண்டிக்கு ரீபோர் செய்ய வேண்டும். இப்போது வருகிற பெட்ரோலில் எத்தனால் 20 சதவிகிதம். ரப்பர் குழாய் எல்லாம் ஊறிப்போகும், அது இரண்டு வண்டிக்கும்தான்" என்றார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டே, "வேலைக்குப் பெரிய வண்டி சுலபம். ஆனால் சின்ன வண்டியோட சத்தம் உங்களுக்குத் தெரியும். எங்கே வலிக்கிறது என்று நீங்களே வந்து சொல்லிவிடுவீர்கள். புது வண்டியின் பாஷையை இந்த வயதில் கற்றுக்கொள்ள வேண்டும்" என்றார்.

நான் அரைப் பத்தி எழுதிச் சொல்ல வேண்டியதை அவர் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். வாங்குவது வேறு, மாற்றிக்கொள்வது வேறு. வாங்கும்போது வருவதன் தரத்தை மட்டும் பார்த்தால் போதும். மாற்றிக்கொள்ளும்போது, போவதோடு சேர்ந்து நம்மிடமிருந்து எது போகிறது என்றும் பார்க்க வேண்டும். நண்பரின் காகிதத்தில் இந்தப் பத்தியே இல்லை.

காலத்தின் தீர்ப்பும் நமக்குத் துணைக்கு வராது. டி.டி. வெளிவந்தபோது பழைய எம்.ஜி. பிரியர்கள் முகம் சுளித்தார்கள். முந்தைய டி.சி.யில் இருந்த கம்பிச் சக்கரம் போய்த் தகட்டுச் சக்கரம் வந்துவிட்டதே, வண்டி சொகுசாகிவிட்டதே என்று புலம்பினார்கள். அப்படிப் பழிக்கப்பட்டது 29,000-க்கும் மேல் விற்றது; பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போயிற்று. டிராக்டர் எஞ்சின் என்று சிரிக்கப்பட்ட டி.ஆர். 3ஏ-யும் 58,000-க்கு மேல் விற்றது. இன்று இரண்டையும் கிளாசிக் என்கிறார்கள். எம்.ஜி. செய்த ஆபிங்டன் தொழிற்சாலை 1980-ல் மூடப்பட்டது. இன்று மதுரைத் தெருவில் அந்த எட்டுமூலைச் சின்னத்தோடு போகும் பெரிய கார்கள் வேறு ஜாதி. கிளாசிக் என்ற பட்டம், எதைப் படிக்கலாம் என்று சொல்லும். உனக்கு எது வேண்டும் என்று சொல்லாது.

அப்படியானால் எதை வைத்து நிறுப்பது? ஒரு படைப்பு எதைச் செய்யப் புறப்பட்டதோ அதைச் செய்ததா என்று பார்ப்பதே விமரிசனம் என்பது என் கட்சி. எம்.ஜி. 40, 50 மைல் வேகத்தை ஆனந்தமாக்கப் புறப்பட்டது. டிரையம்ப் சாமானியனுக்கும் 100 மைலைக் காட்டப் புறப்பட்டது. இரண்டும் ஜயித்துவிட்டன. மிச்சமிருப்பது வாசகனின் கேள்வி: எந்த வண்டியை நீ கடைசிப் பக்கம்வரை படிப்பாய்? மதுரையைச் சுற்றியுள்ள சமவெளியில், விடியற்காலையில், அழகர்கோவிலுக்கோ நாகமலைப் புதுக்கோட்டைக்கோ போய் வருகிற மனிதருக்கு எம்.ஜி. தன்னிடமுள்ள எல்லாவற்றையும் கொடுத்துவிடுகிறது. டிரையம்பில் அவர் முன்னுரையைத் தாண்டப் போவதில்லை. சட்டமும் கிட்டத்தட்ட இதையே சொல்கிறது. 2021-ல் வந்த விதிப்படி, 50 வருஷத்துக்கு மேற்பட்ட காரைப் பழம்பெரும் வண்டியாகப் பதிந்துகொண்டால் அதை அன்றாடம் ஓட்டக் கூடாது. கண்காட்சிக்கும், பழைய கார்களின் ஊர்வலத்துக்கும், பெட்ரோல் போடவும், பழுது பார்க்கவும் மட்டுமே எடுக்கலாம். இப்படிப்பட்ட வாழ்வில் 100 மைல் வேகம் எதற்கு?

இவ்வளவும் சொல்லிவிட்டு நண்பரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "போன வருஷம் இந்த எம்.ஜி.யை எத்தனை தடவை வெளியே எடுத்தீர்கள்?"

அவர் வெகு நேரம் யோசித்தார். "நாலு தடவை" என்றார். ஆயுத பூஜைக்கு ஒரு தடவை, அதைக் கழுவித் திரும்ப நிறுத்த. அப்பாவின் திதிக்கு ஒரு தடவை. மற்ற இரண்டும் பட்டறைக்கு. வருஷம் முழுவதும் ஷெட்டில் துணிப் போர்வைக்குக் கீழேதான் அது இருந்திருக்கிறது. கோயம்புத்தூர்க்காரரிடம் போனாலும் ஒரு போர்வைக்குக் கீழேதான் நிற்கும். அவருடைய தொகுப்பில் டி.டி.யின் இடம் காலியாக இருக்கிறதாம், அதனால் கேட்கிறார். போர்வைக்குப் போர்வை என்ன வித்தியாசம்?

என் கேள்வி கொஞ்சம் கொடுமைதான். ஆனால் அப்பாவுக்காக வைத்திருக்கிறேன் என்கிறவர், அப்பா செய்ததையல்லவா செய்ய வேண்டும்? அந்த மனிதர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பிள்ளைகளை மாற்றி மாற்றி ஏற்றிக்கொண்டு வைகை அணைவரை போவார் என்று சொன்னது இதே நண்பர்தான். பரணில் பட்டுத் துணியில் சுற்றி வைத்த ஏடும், பழைய புஸ்தகக் கடைக்குப் போன ஏடும் படிக்கப்படாதவரையில் ஒரே கதிதான்.

ஆகவே என் தீர்ப்பு இது. மாற்றிக்கொள்ள வேண்டாம். ஆனால் அப்பாவின் பெயரால் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்தச் சாலைக்கும் இந்தக் கைக்கும் இந்த வண்டி பொருந்துகிறது என்பதால் சொல்கிறேன். அதோடு இரண்டு நிபந்தனை. பிரேக்கை முதலில் முழுசாகப் பிரித்துச் சரிசெய்ய வேண்டும். அடுத்த ஆட்டு மந்தைக்கு ஒரு முழம் போதாது. இரண்டாவது, மாசத்துக்கு ஒரு தடவையாவது வண்டி சாலையைப் பார்க்க வேண்டும். அது முடியாதென்றால் தாராளமாகக் கொடுத்துவிடட்டும். ஆனால் தொகுப்பில் காலியிடம் வைத்திருப்பவருக்கு அல்ல, ஓட்டுகிறவனுக்கு.

டிரையம்ப் லாரியேறித் திரும்பிப் போய்விட்டது. அது போகும்போது எனக்குமே கொஞ்சம் வருத்தம்தான்; நல்ல புஸ்தகத்தைப் பாதியில் மூடிக் கொடுத்தாற்போல் இருந்தது. எம்.ஜி.யின் சக்கரங்கள் நான்கும் கழற்றப்பட்டு, பட்டறையில் கட்டைமேல் நிற்கிறது. பாய் பத்து நாள் கேட்டிருக்கிறார். பதினோராவது நாள் காலை ஐந்தரைக்கு என் வீட்டு வாசலில் ஹாரன் கேட்க வேண்டும் என்று நண்பரிடம் சொல்லியிருக்கிறேன். கேட்காவிட்டால் கோயம்புத்தூருக்கு நானே கடிதம் எழுதிவிடுவேன் என்றும் சொல்லியிருக்கிறேன்.