நீலத்தின் ஆயுள்

சில ஆண்டுகள் உழைத்த ஓஎல்இடி திரை மெல்ல மஞ்சள் பூப்பதும், மேல் வரிசையில் கடிகார எண்களின் நிழல் அழியாமல் தங்கிவிடுவதும் திண்டுக்கல்லில் செல்பேசி பழுதுபார்ப்பவர்களுக்குத் தெரிந்த சங்கதி. “டிஸ்ப்ளே மாத்தணும்” என்று சொல்லிவிடுவார்கள். சிவப்பையும் பச்சையையும்விட நீலம் முந்தித் தேய்வதே முக்கியக் காரணம். ஆகவே ஒரு நீல ஒளிர்பொருள் எவ்வளவு ஒளி தருகிறது என்று கேட்கும்போதே, எத்தனை மணி நேரம் தருகிறது என்றும் கேட்டாக வேண்டும்.

தமிழ்நாட்டில் இத்துறையில் தொடர்ந்து உழைத்தவர்கள் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக வேதியியல் துறையின் ஜெயபாரதி, தணிகாசலம் குழுவினர். பினான்த்ரோஇமிடசோல் என்ற வளைய அமைப்பை வைத்து நீல மூலக்கூறுகள் பலவற்றை உருவாக்கியிருக்கிறார்கள். இந்தத் தேர்வை மனமாரப் பாராட்டுகிறேன். பினான்த்ரீன்குயினோன், ஓர் ஆல்டிஹைடு, அனிலின், அம்மோனியம் அசிடேட் ஆகியவற்றை அசிட்டிக் அமிலத்தில் கொதிக்கவைத்தால் கருவமைப்பு ஒரே குடுவையில் கிடைத்துவிடும். இரிடியம் போன்ற அரிய உலோகம் தேவையில்லை. காந்திகிராமத்தில் முதுகலை வேதியியல் படிக்கும் மாணவரும் செய்துவிடக்கூடிய வினை இது. மூலக்கூறு விறைப்பானது; ஆழ்நீலத்துக்கு வேண்டிய அகன்ற ஆற்றல் இடைவெளியும் அதில் உண்டு.

சிக்கல் கணக்கில் இருக்கிறது. மின்சாரம் பாயும்போது உருவாகும் எக்ஸிட்டான்களில் (எலக்ட்ரான்–துளை இணைகளில்) 25 சதவீதம் ஒற்றை நிலை, 75 சதவீதம் மும்மை நிலை. சாதாரண உடனொளிர்வுப் பொருள் ஒற்றை நிலையை மட்டுமே ஒளியாக்கும். மும்மை நிலையின் மேல்மட்டங்களிலிருந்து ஒற்றை நிலைக்கு எக்ஸிட்டான்களைத் தாவவைக்கலாம் என்பது ‘சூடான எக்ஸிட்டான்’ கருத்து. இவ்வகைச் சேர்மங்களைப் பற்றிய கட்டுரைகள் பல இதன்மீதே நிற்கின்றன. ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வெளிக் குவாண்டம் திறன் 6 சதவீதம், படலத்தின் ஒளிர்திறன் 80 சதவீதம் என்க. உள்ளே பிறந்த ஒளியில் 20 சதவீதம் வெளியேறுகிறது என்று கொண்டால் எக்ஸிட்டான் பயன்பாடு 37.5 சதவீதம்; 25 சதவீத எல்லை தாண்டியாயிற்று. மூலக்கூறுகள் படுக்கைவசமாக அமைந்து 30 சதவீதம் வெளியேறியிருந்தால் அதே அளவீடு 25-க்குத் திரும்பிவிடும். இரண்டு மும்மை எக்ஸிட்டான்கள் மோதி ஒற்றை நிலை பிறந்தாலும் எண் உயரும். மூலக்கூறின் கிடப்பையும் தாமத ஒளியையும் அளக்காத வரை அந்தக் கூற்று நிறுவப்பட்டதாகாது.

மற்ற வழிகளும் முழுமையானவை அல்ல. 2012-இல் ஜப்பானின் அடாச்சி குழு, உலோகமின்றியே மும்மை நிலையை வெப்பத்தால் மீட்டு ஒளியாக்கிக் காட்டியது. 2019-இல் ஹதகேயாமா குழுவின் போரான் சேர்மம் 469 நானோமீட்டரில், வெறும் 18 நானோமீட்டர் அகலத்தில், 34.4 சதவீதத் திறன் தந்தது. வியப்புக்குரிய வேதியியல்தான். ஆனால் நீல ஒளியின் ஆற்றல் சுமார் 2.7 எலக்ட்ரான் வோல்ட். மும்மை நிலையில் தேங்கிய எக்ஸிட்டான்கள் இரண்டு மோதினால் 5-க்கு மேல் சேரும். கார்பன்–நைட்ரஜன் ஒற்றைப் பிணைப்பு உடைய ஏறத்தாழ 3.2 போதும். மும்மை நிலையிலிருந்தே ஒளிரும் நின்றொளிர்வு நீலத்தை 2024-க்குள் தயாராக்குவதாக 2022-இல் அறிவித்த யுனிவர்சல் டிஸ்ப்ளே நிறுவனம் அந்தக் கெடுவைத் தவறவிட்டது. 2025 மே மாதம் எல்ஜி டிஸ்ப்ளே காட்டிய இரண்டடுக்குத் திரையில் ஓர் அடுக்கு நின்றொளிர்வு. மற்றது, ஆயுளுக்காக, பழைய உடனொளிர்வுதான்.

இங்கேதான் சூடான எக்ஸிட்டான் வழியின் மதிப்பு தெரிகிறது. மேல்மட்டத் தாவல் மெய்யாகவே விரைவாக நடந்தால் மும்மை நிலை தேங்காது. தேங்காவிட்டால் ஆயுள் நீள வேண்டும். ஆயுள் சோதனை அந்தக் கருத்துக்கே நல்ல உரைகல். பல்கலைக்கழகக் கட்டுரைகள் பலவற்றில் இல்லாமல் போவதும் அதுவே.

என் தீர்ப்பு இது: மூலக்கூறு வடிவமைப்பு சரியான திசையில் இருக்கிறது, நிரூபணம் பாதியில் நிற்கிறது. மத்திய மின்னணு அமைச்சகம், டிஆர்டிஓ, டாடா சன்ஸ் ஆதரவில் சென்னை ஐஐடியில் அமோலெட் ஆய்வு மையம் இயங்குகிறது. சிதம்பரத்திலோ காந்திகிராமத்திலோ பிறக்கும் நீலச் சேர்மம் அங்கே காற்றுப் புகாமல் அடைக்கப்பட்டு, தொடக்க ஒளியில் 5 சதவீதம் குறைய எத்தனை மணி நேரம் ஆகிறது என்று அளக்கப்பட வேண்டும். அந்த எண் இல்லாத திறன் அறிக்கையை ஆய்விதழ்களின் மதிப்பீட்டாளர்கள் திருப்பி அனுப்பட்டும்.