புதுவையில் இறைத்தேடல்: கிறிஸ்தவ வழிபாட்டின் முந்நூறு ஆண்டுகள்

கிறிஸ்தவ மரபில் வழிபாட்டைக் கடவுளைத் தேடுவதிலிருந்து பிரிக்க முடியாது. ஏழையை நசுக்கிவிட்டுத் திருவிழா எடுப்பவர்களைக் கடவுள் வெறுக்கிறார் என்று இறைவாக்கினர் ஆமோஸ் இயேசுவுக்கு எட்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே எச்சரித்தார். காணிக்கை செலுத்த வந்தவர், தம்மேல் மனத்தாங்கல் கொண்ட சகோதரர் ஒருவர் உண்டென்று நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் அவரோடு சமாதானமாக வேண்டும் என்பது மலைப்பொழிவில் இயேசு தந்த போதனை. எந்த மலையில் வழிபடுவது சரி என்று கேட்ட சமாரியப் பெண்ணுக்கு, இடத்தைவிட உள்ளத்தின் உண்மையே பெரிது என்று அவர் விளக்கியதை யோவான் நற்செய்தி பதிவு செய்திருக்கிறது. மனத்துக்குள்ளேயே கோயில் கட்டிக் குடமுழுக்குக்கு நாள் குறித்த பூசலார் கதையை அறிந்த தமிழ் மண்ணுக்கு இந்தப் போதனை அந்நியமானதாக இருந்திருக்காது.

உண்மையான தேடலுக்கு மூன்று அடையாளங்களை இந்த மரபிலிருந்து திரட்டலாம். வழிபடுபவருக்குத் தம் வேண்டுதலின் பொருள் விளங்க வேண்டும். வழிபடும் இடத்தில் மனிதரும் மனிதரும் சமமாக நிற்க வேண்டும். கோயிலில் தொடங்கியது கோயிலுக்கு வெளியே தொண்டாக நீள வேண்டும். பிரெஞ்சு ஆட்சியில் வளர்ந்த புதுச்சேரியின் கிறிஸ்தவ வரலாறு இம்மூன்றிலும் மீண்டும் மீண்டும் சோதிக்கப்பட்டது.

கோயில்கள் எழுந்த கதை

1674இல் பிரான்சுவா மர்த்தேன் புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியிருப்பை நிறுவினார். கப்புச்சின் துறவிகள் ஐரோப்பியரின் ஆன்மிகத் தேவைகளைக் கவனித்தார்கள். 1688இல் சயாமில் நேர்ந்த ஆட்சி மாற்றத்துக்குப் பிறகு அங்கிருந்து வெளியேறிய பிரெஞ்சு இயேசு சபையினர் சிலர் இங்கு வந்து தமிழரிடையே பணியாற்றினர். இந்த இரு சபைகளின் நினைவை ஊர்மக்கள் வழங்கும் பெயர்கள் இன்றும் தாங்கி நிற்கின்றன. மிஷன் வீதியிலுள்ள அமலோற்பவ அன்னை பேராலயம் மக்கள் வாயில் சம்பா கோயில். துய்மா வீதியிலுள்ள தூய வானதூதர்களின் அன்னை ஆலயம் கப்ஸ் கோயில்.

சம்பா கோயிலின் வரலாறு ஊரின் போர்களோடு பின்னியது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் இயேசு சபையினர் கட்டிய முதல் கோயில், 1693இல் டச்சுக்காரர் ஊரைக் கைப்பற்றியபோது அழிந்தது. பின்னர் எழுந்த பெரிய கோயிலை, 1761இல் பிரெஞ்சுத் தளபதி லாலி சரணடைந்த பிறகு ஊரைத் தரைமட்டமாக்கிய ஆங்கிலேயர் இடித்தனர். இன்று நிற்கும் கட்டடம் 1791இல் நிறைவுற்றது. கப்ஸ் கோயிலின் இன்றைய கட்டடம் 1855ஆம் ஆண்டுக்குரியது. தெற்கு புல்வாரில் கோத்திக் பாணியில் ஓங்கி நிற்கும் திரு இருதய ஆலயம் பேராயர் காந்தியின் முயற்சியால் எழுந்து, 1907 டிசம்பரில் முதல் திருப்பலியைக் கண்டது. 2011இல் பசிலிக்கா என்னும் தகுதியைப் பெற்றது.

இந்த வரிசையில் மறைக்கக் கூடாத ஒரு நிகழ்வும் உண்டு. சம்பா கோயிலை அடுத்திருந்த வேதபுரீஸ்வரர் கோயில் 1748இல், ஆளுநர் தூய்ப்ளே ஆட்சியில், இடிக்கப்பட்டது. அது நடந்த விதத்தைத் தூய்ப்ளேயின் துபாஷியான ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் வேதனையோடு எழுதி வைத்தார். அந்த ஆலயம் பின்னர் வேறோர் இடத்தில் எழுப்பப்பட்டது. அயலாரின் வழிபாட்டிடத்தை அழிக்க இயேசு சபையினர் அரசதிகாரத்தின் துணை நாடியது கிறிஸ்துவின் போதனைக்கு நேர்மாறான செயல். தன் கோயில் இடிபட்ட வலியை இருமுறை அறிந்த சமூகம் இதை மறக்காமல் இருப்பதே நேர்மை.

எது பண்பாடு, எது நம்பிக்கை

தமிழ்க் கிறிஸ்தவர் தமிழராகவே வழிபடலாமா என்ற கேள்வி 1606இல் மதுரைக்கு வந்த இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலியோடு பிறந்தது. அது முற்றி வெடித்த இடம் புதுச்சேரி. 1703 நவம்பரில் திருத்தந்தையின் தூதராக வந்திறங்கிய மையார் தெ தூர்னோன், நோயுற்றிருந்த நிலையில் ஊரைவிட்டு நகராமலே விசாரணை நடத்தி, மறு ஆண்டு ஜூலையில் பதினாறு கூறுகள் கொண்ட ஆணையை வெளியிட்டார். ‘மலபார் சடங்குகள்’ பற்றிய சர்ச்சை என்று திருச்சபை வரலாற்றில் பெயர் பெற்றது இதுவே.

தாலி, திருநீறு, திருமணச் சடங்குகள், பூப்பு விழா, இந்துக் கோயில் விழாக்களில் கிறிஸ்தவ இசைக்கலைஞர்கள் வாசிப்பது எனப் பலவற்றை அந்த ஆணை கட்டுப்படுத்தியது. தமிழ் வாழ்க்கையை அறியச் சில மாதங்கள் போதா. அந்த அவசரம் ஆணையில் தெரிகிறது. ஆயினும் அதன் வேறு சில கூறுகளில் நற்செய்தியின் குரல் தெளிவாகக் கேட்கிறது. தாழ்த்தப்பட்டோர் நோயுற்றால் குருக்கள் அவர்கள் வீட்டுக்கே சென்று அருட்சாதனங்களை வழங்க வேண்டும் என்றது அது. மாதவிலக்கைக் காரணம் காட்டிப் பெண்களை ஒப்புரவு அருட்சாதனத்திலிருந்து விலக்கக் கூடாது என்றும் சொன்னது. 1744இல் திருத்தந்தை பதினான்காம் ஆசீர்வாதப்பர் இந்த வழக்குக்கு இறுதித் தீர்ப்பு வழங்கினார். இச்சடங்குகள் தொடர்பாக மறைப்பணியாளர்கள் எடுக்க வேண்டியிருந்த உறுதிமொழி 1940இல் நீங்கியது.

இரண்டு நூற்றாண்டு நீண்ட இந்த வழக்கில் இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. மக்களின் மொழியையும் பழக்கத்தையும் மதிக்காத நம்பிக்கை அவர்கள் மனத்தில் வேர்பிடிக்காது. பழக்கம் என்ற பெயரில் சாதியையும் தீட்டையும் உள்ளே விட்டால் வழிபாட்டின் உயிரே போய்விடும்.

சுவர்

இரண்டாவது ஆபத்து எவ்வளவு மெய்யானது என்பதற்குச் சம்பா கோயிலே சாட்சி. கோயிலுக்குள் ஒரு தடுப்புச் சுவர் நின்றது. ஒருபக்கம் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்கள். மறுபக்கம் சாதிக் கிறிஸ்தவர்களும் ஐரோப்பியரும். ஒரே பீடம், ஒரே பூசை, நடுவில் சுவர். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு 1745 அக்டோபரில் நடந்ததைக் கூறுகிறது. காரைக்காலிலிருந்து வந்திருந்த குரு ஒருவரின் வருகையை ஒட்டித் தாழ்த்தப்பட்டோர் திரண்டு சென்று முறையிட்டனர். தாங்களும் சீடர்களே என்றால் தங்களை மட்டும் பிரித்து வைப்பானேன் என்பதே அந்த முறையீட்டின் சாரம். அதில் நியாயம் இருப்பதாக ஏற்று, சுவரை இடிக்கக் கட்டளையிடப்பட்டது. சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தெழுந்தனர். சுவர் போனாலும் பாகுபாடு வேறு வடிவங்களில் தொடர்ந்தது.

அந்த முறையீட்டைக் கொண்டு சென்றவர்கள் இறையியல் படித்தவர்கள் அல்லர். தாங்கள் கேட்ட மறையுரையை உண்மையென்று நம்பினார்கள். அந்த நம்பிக்கைக்கேற்ப நடக்கும்படி கோயிலைக் கேட்டார்கள். புதுவைக் கிறிஸ்தவ வரலாற்றில் இதைவிட உண்மையான இறைத்தேடலைக் காண்பது அரிது.

1844

இயேசு சபை 1773இல் கலைக்கப்பட்டதும் பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்பு சபையினர் பொறுப்பேற்றனர். அவர்களுள் ஆயர் கிளமென் பொன்னான் முதன்மையானவர். 1844இன் தொடக்கத்தில் அவர் கூட்டிய புதுச்சேரி மன்றம், உள்நாட்டுக் குருக்களை உருவாக்குவதையும் கல்வியையும் தலையாய பணிகளாக அறிவித்தது. வெளிநாட்டார் தயவில் மட்டும் வாழும் சபை நிலைக்காது என்ற தெளிவு அதில் இருந்தது.

அதே ஆண்டில் பெத்தி செமினேர் பள்ளி பிறந்தது. அதே ஆண்டு அக்டோபரில் அருட்தந்தை துய்புய் மரியாவின் மாசற்ற இதய பிரான்சிஸ்கன் சகோதரிகள் சபையைத் தொடங்கினார். பெண்களுக்கு எழுத்தறிவு தேவையில்லை என்று பலர் நம்பிய காலத்தில் தமிழ்ப் பெண்களே துறவிகளாகிச் சிறுமிகளுக்குக் கற்பித்தனர். 1827இலேயே வந்திருந்த குளூனி சூசையப்பர் சபைச் சகோதரிகளும் கல்வியிலும் நோயாளர் பணியிலும் ஈடுபட்டிருந்தனர். ரொமேன் ரோலான் வீதியிலுள்ள அவர்களது தையல் நிலையத்தில் பெண்கள் சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, நூலெண்ணித் தையலிட்டு, பூவேலை செய்யும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. கைத்தொழில் தந்து ஒரு குடும்பத்தின் அடுப்பை எரிய வைப்பதும் வழிபாட்டின் நீட்சியே.

மிஷன் அச்சகம் வேண்டுதல் நூல்களையும் மறைக்கல்வி நூல்களையும் தமிழில் அச்சிட்டது. துய்புய்யும் அருட்தந்தை மூசேயும் சேர்ந்து தொகுத்த தமிழ் – பிரெஞ்சு அகராதி இரு தொகுதிகளாக 1855இலும் 1862இலும் வந்தது. தமிழைக் கற்றுத் தேர்வது மக்களின் மனத்தை அறியும் வழி என்பதை இவர்கள் உணர்ந்திருந்தனர். தமிழ்க் கிறிஸ்தவர் தரப்பிலும் அந்த நாட்டம் இருந்தது. புதுவை சவராயலு நாயகர் சைவரான மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட கிறிஸ்தவப் புலவர். மாயூரம் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கராக இருந்துகொண்டே எல்லாச் சமயத்தாரும் பாடக்கூடிய ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனை’களை 1878இல் தந்தார். கடவுளைத் தேடுகிறவருக்கு அயலாரின் தேடலை மதிக்கும் மனம் வாய்க்கும் என்பதை இவ்விருவர் வாழ்வும் காட்டுகிறது.

மக்களின் பக்தி

ஊரையொட்டிய வில்லியனூரில் 1877இல் லூர்து அன்னைக்குக் கோயில் எழுந்தது. பிரான்சின் லூர்து நகரில் 1858இல் பெர்னதெத் என்ற ஏழைச் சிறுமி கண்ட காட்சியின் பக்தி இருபது ஆண்டுகளுக்குள் இங்கு வந்து வேரூன்றியது. கோயிலின் முன்னே குளம் வெட்டப்பட்டிருக்கிறது. இறங்கிக் காலும் முகமும் நனைக்கிற வழக்கம் தமிழ்த் தீர்த்த மரபோடு ஒட்டியது. உயிர்ப்புப் பெருவிழாவை அடுத்துக் கொடியேற்றம் நடைபெறும். நவநாள் முடிவில் தேர்பவனி. மெழுகுவர்த்தியும் பூமாலையும் கொண்டு வருபவர்களில் இந்துக்களும் ஏராளம். குழந்தை வேண்டி வருபவர், கடன் தீர வேண்டி வருபவர், மகனின் குடி நிற்க வேண்டி வருபவர் என எல்லோரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். இதை வெறும் நேர்த்திக்கடன் என்று ஒதுக்கிவிட முடியாது. இயேசுவைத் தேடி வந்தவர்களில் பெரும்பாலோர் நோயும் பசியும் துயரமும் கொண்டுதான் வந்தார்கள். அவர் யாரையும் திருப்பி அனுப்பவில்லை.

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். உப்பளம் கல்லறைத் தோட்டத்தில் குடும்பத்தினர் கல்லறைகளைக் கழுவி, வெள்ளையடித்து, சாமந்தியும் கோழிக்கொண்டையும் பரப்பி, மெழுகுவர்த்தி ஏற்றி, ஊதுபத்தி கொளுத்துகிறார்கள். குருக்கள் கல்லறைகளை மந்திரித்துக்கொண்டே நடப்பார்கள். தமிழ்ப் பெயர்களும் பிரெஞ்சுப் பெயர்களும் அங்கு அருகருகே கிடக்கின்றன. இறந்தோருக்காக வேண்டுவது, உறவு மரணத்தோடு அறுந்துவிடுவதில்லை என்ற நம்பிக்கையின் செயல்வடிவம்.

தவக்காலமும் இப்படி நம்பிக்கைக்குச் செயல்வடிவம் தருவதே. நெற்றியில் சாம்பல் பூசும் புதனன்று தொடங்கி நாற்பது நாள் நோன்பு, வெள்ளிதோறும் சிலுவைப்பாதை, பெரிய வெள்ளியன்று சிலுவையை முத்தி செய்தல் என்று அது வளர்கிறது. ஆகஸ்டு இறுதியில் காவி உடுத்துக் கடற்கரைச் சாலை வழியே வேளாங்கண்ணிக்கு நடப்பவர்களின் கூட்டத்தில் உடலின் உழைப்பையே செபமாக்கும் மனநிலையைக் காணலாம்.

இன்றைய நிலை

இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962–65) திருப்பலியை மக்கள் மொழிக்குக் கொண்டுவந்தது. இலத்தீனில் ஒலித்த வழிபாடு தமிழானபோது, மௌனமாகச் செபமாலை உருட்டிக்கொண்டிருந்தவர்கள் பதிலுரைக்கவும் பாடவும் தொடங்கினர். கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் சேர்ந்து உருவாக்கிய திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு 1995இல் வெளியானது. கப்ஸ் கோயிலில் தமிழோடு பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் திருப்பலி உண்டு. பெந்தகொஸ்தே சபைகளின் உபவாச செபமும் சாட்சி சொல்லலும், கத்தோலிக்கருக்குள்ளேயே வளர்ந்த அருங்கொடை இயக்கமும் வழிபாட்டில் தனிமனித அனுபவத்துக்கு அழுத்தம் தருகின்றன. மனம்விட்டு அழவும் உரக்கப் பாடவும் அங்கு இடம் கிடைக்கிறது. பிழைப்புக்காக ஊர்விட்டு வந்து, தெரிந்த முகமின்றி வாழ்பவருக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் செல்வமும் சுகமும் தருவதாக வாக்களித்துக் கூட்டம் சேர்க்கும் போதனை எந்தச் சபையில் ஒலித்தாலும், அங்கே கடவுளைத் தேடுவது நின்று, அவரால் கிடைக்கும் வரவைத் தேடுவது தொடங்கிவிடுகிறது.

சாதி இன்னும் தீர்ந்தபாடில்லை. புதுவை – கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த எறையூரில் 2008 மார்ச்சில் வன்னியக் கிறிஸ்தவர்களுக்கும் தலித் கிறிஸ்தவர்களுக்கும் இடையே மோதல் மூண்டது. இறந்தோரைக் கொண்டுசெல்லும் பாதையும் கல்லறையும் அதன் பின்னணியில் இருந்தன. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர். இந்திய ஆயர் பேரவை 2016இல் தலித் மேம்பாட்டுக்கான கொள்கை ஆவணத்தை வெளியிட்டு, திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு இருப்பதை ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொள்வது மனமாற்றத்தின் முதல் படி. பங்கு மேய்ப்புப் பேரவைகளிலும் கல்லறைகளிலும் திருமண உறவுகளிலும் அது செயலாக வேண்டும்.

முந்நூறு ஆண்டுகளில் புதுவைக் கிறிஸ்தவம் மொழியில் வெகுதூரம் வந்திருக்கிறது. இன்று எவரும் பொருள் தெரியாத செபத்தைச் சொல்ல வேண்டியதில்லை. தொண்டில் பள்ளிகளும் மருத்துவப் பணியும் கைத்தொழில் கூடங்களும் அதற்குப் பெருமை சேர்க்கின்றன. சமத்துவத்தில்தான் கடன் பாக்கி. 1745இல் முறையிட்டவர்களின் கோரிக்கை முழுமையாக நிறைவேறும் வரை, இந்தச் சமூகத்தின் இறைத்தேடலும் முழுமை பெறாது.