வாடகைக்காரரின் வாக்கு

பாடி மேம்பாலத்தை ஒட்டிய தெருக்களில் வாடகைக்கு இருப்பவர்களுக்குப் பதினொரு மாத ஒப்பந்தம்தான் காலண்டர். ஓனர் வாடகையை ஏற்றினால் அட்வான்ஸைத் திரும்ப வாங்கிக்கொண்டு மண்ணூர்பேட்டைக்கோ கொரட்டூருக்கோ போக வேண்டியதுதான். பிள்ளைகளின் பள்ளியை மாற்றுவார்கள், கேஸ் இணைப்பை மாற்றுவார்கள். வாக்காளர் பட்டியலில் இருக்கும் பெயர் மட்டும் பழைய தெருவிலேயே தங்கிவிடும்.

2025 அக்டோபர் 27 அன்று தமிழ்நாட்டுக்கும் அறிவிக்கப்பட்ட வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தை, அதாவது எஸ்.ஐ.ஆரை, இந்தக் குடிமாறும் மனிதரை வைத்தே எடைபோட வேண்டும். கட்சிகளின் தராசு வேறு. திமுக உச்ச நீதிமன்றம் போனது, அதிமுக வரவேற்றது.

முதலில் தேர்தல் ஆணையத்தின் பக்கம். டிசம்பர் 19 அன்று வெளியான வரைவுப் பட்டியலில் 6.41 கோடி பேர் 5.43 கோடியாகக் குறைந்தார்கள். விடுபட்ட 97.37 லட்சத்தில் இறந்தவர்கள் 26.94 லட்சம். இந்த எண்ணிக்கை ஒன்றே போதும், பட்டியல் எவ்வளவு காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது என்பதற்கு. இறந்தவர் பெயரும் ஊர்மாறியவர் பெயரும் பட்டியலில் இருப்பது கள்ள ஓட்டுக்குத் திறந்துவைத்த கதவு. சொந்த ஊரில் ஒரு வாக்கு, அம்பத்தூர் தொகுதியில் ஒரு வாக்கு என்று இரண்டையும் வைத்திருப்பவர்கள் உண்டு. அது சட்டப்படி தவறு என்பதே அவர்களில் பலருக்குத் தெரியாது. ஆகவே சுத்தம் செய்ததைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் அதே கணக்கில் இரட்டைப் பதிவுகள் வெறும் 3.39 லட்சம். அறுபத்தாறரை லட்சம் பேருக்குச் சற்றுக் குறைவானவர்கள், அதாவது மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல், ‘இடம்பெயர்ந்தோர், முகவரியில் இல்லாதோர்’ என்ற ஒரே மூட்டையில் கட்டப்பட்டவர்கள். மாநில அளவில் விடுபட்டவர்கள் சுமார் 15 சதவீதம். சென்னை மாவட்டத்தில் 40.04 லட்சத்துக்கு 14.25 லட்சம், மூன்றில் ஒன்றுக்கும் அதிகம். (பாடி 2011 முதல் சென்னை மாநகராட்சியில் இருந்தாலும், அது அடங்கிய அம்பத்தூர் தொகுதி தேர்தல் கணக்கில் திருவள்ளூர் மாவட்டத்தில் வருகிறது. அதனால் இந்த எண்ணிக்கையில் நாம் இல்லை. முகவரிக் குழப்பம் நமக்கு மட்டும் வந்த நோயல்ல.) வாடகைக் குடித்தனம் மிகுந்த நகரத்தில் பெயர்கள் இப்படி உதிர்ந்ததை மோசடி பிடிபட்டதாகப் படிப்பது தவறு. ஷிஃப்டுக்குப் போனவர் வீடு பூட்டியிருந்தது என்பதும் அந்த மூட்டைக்குள்தான் அடங்கியிருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, ஒரு தொகுதியில் வீடு சொந்தமாக இருக்கிறது என்பதால் மட்டும் ஒருவர் அங்கே வழக்கமாகக் குடியிருப்பவர் ஆகிவிட மாட்டார் என்கிறது. தற்காலிகமாக வெளியே போனதால் மட்டும் குடியிருப்பு போய்விடாது என்றும் சொல்கிறது. சட்டம் பார்ப்பது பத்திரத்தை அல்ல, குடித்தனத்தை. ஒருவர் இடம் மாறிவிட்டார் என்று பெயரை நீக்கும் முன் அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்பது 22ஆம் பிரிவு. 1995இல் லால் பாபு உசேன் வழக்கில் உச்ச நீதிமன்றமும் பட்டியலில் ஏற்கெனவே இருப்பவருக்கு அந்த வாய்ப்பைத் தந்தாக வேண்டும் என்றது.

எஸ்.ஐ.ஆர். இதைச் சுற்றிக்கொண்டு போனது. கணக்கீட்டுப் படிவம் திரும்பி வந்தால் பெயர் உண்டு, வராவிட்டால் இல்லை. இது நீக்கமே அல்ல, புதிதாகத் தயாரிக்கும் பட்டியல் என்று வாதிடலாம். சொல்லளவில் சரி. ஆனால் ஏழெட்டுத் தேர்தலில் வாக்களித்தவர், புது வாக்காளர் போலப் படிவம் 6 நிரப்பித் திரும்பி வர வேண்டியிருந்தது. வீடு மாறியவருக்கென்றே படிவம் 8 இருக்கும்போது இது எதற்கு?

முந்தைய தீவிரத் திருத்தத்தின் 2002, 2005 பட்டியலில் பெயரைத் தேடச் சொன்னதும் வாடகைக்காரர் மீதே அதிகம் இறங்கிய சுமை. அப்போது அம்பத்தூர் என்று ஒரு தொகுதியே கிடையாது. 2008 மறுவரையறைக்கு முன் இந்தப் பகுதி வில்லிவாக்கம் தொகுதியில் இருந்தது. அது தெரியாதவர் தேடினால் கிடைக்குமா?

‘சர்கார்’ படம் வந்தபின் 49பி விதி டீக்கடைவரை பேசப்பட்டது. நம் வாக்கை வேறொருவர் போட்டுவிட்டால் ஆய்வுக்குரிய வாக்கு கேட்கலாம். ஆனால் பெயர் பட்டியலில் இருப்பவருக்குத்தான் அந்த விதி. பெயரே இல்லாதவருக்கு வாக்குச்சாவடியில் கேட்க ஒன்றுமில்லை. கள்ள ஓட்டால் வாக்கை இழந்தவரைவிட, படிவம் வராததால் இழந்தவரின் நிலை மோசம். இந்த ஒப்பீட்டைத்தான் திருத்தத்தை ஆதரிப்பவர்கள் செய்யத் தவறுகிறார்கள்.

இறந்தவர்களையும் இரட்டைப் பதிவுகளையும் எடுத்தது சரி. அந்த முப்பது லட்சத்துக்கு நான் கையெழுத்துப் போடுவேன். மற்ற அறுபத்தாறு லட்சத்துக்கு மாட்டேன். அவர்களை நீக்கியிருக்கக் கூடாது, புது முகவரிக்கு மாற்றியிருக்க வேண்டும்.