வழக்குரை காதையில் மேல்முறையீடு

சிலப்பதிகாரத்து வழக்குரை காதையைக் கற்பிக்கும் வகுப்புகளில் பாண்டியன் உயிர் துறந்த பெருமையே பெரிதும் பேசப்படுகிறது. அவன் செய்த தவறு யாது என வினவினால், 'தீர விசாரிக்கவில்லை' என்னும் ஒரு தொடரோடு விடை முடிந்துவிடும். அரசு அமைத்த தீர்ப்பு மன்றங்களின் முடிவை எக்காரணங்களால் நீதிமன்றத்தில் எதிர்க்கலாம் என்று அறிந்தவர்க்கு இவ்விடை போதாது.

கொலைக்களக் காதையை மீண்டும் நோக்குக. ஊடிய தேவியைத் தேற்றச் செல்லும் வழியில் பொற்கொல்லன் சொல்லைக் கேட்ட மன்னன், சிலம்பு அக்கள்வன் கையில் இருக்குமாயின் அவனைக் கொன்று அதனைக் கொணருமாறு ஏவுகிறான். இங்கே வினாவே பிழையானது. சிலம்பு கையில் உள்ளதா என்பதன்று, அது எவர் சிலம்பு என்பதே தெளிய வேண்டியது. தவறான வினாவுக்கு விடைகண்ட மன்றத்தின் முடிவு செல்லாது என்று இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை அனிஸ்மினிக் வழக்கில் 1968இல் கூறிற்று. இளங்கோ காட்டும் பிழையும் அதுவே.

அடுத்தது, எதிர்த்தரப்பைக் கேளாமை. இவன் தோற்றம் கள்வனுடையதன்று என ஐயுறும் காவலர்க்குப் பொற்கொல்லன் நகைத்தவாறே களவு நூல் பாடம் நடத்துகிறான். கோவலனை ஒரு சொல்லும் கேட்பார் இல்லை. இறுதியில் குடிவெறியன் ஒருவனின் வாள் முந்திக்கொள்கிறது.

இவ்விரு குறைகளும் கண்ணகிக்குப் போதுமானவை. ஆயினும் அவள் மன்னனை விளிக்கும்போதே ஆராயாமையைச் சுட்டிவிட்டு அப்பால் செல்கிறாள். கள்வனைக் கொல்வது கொடுங்கோன்மை ஆகாது என்று மன்னன் சட்டம் பேசுகிறான்; அச்சட்டத்தை அவள் மறுக்கவில்லை. கோவலன் கள்வன் என்ற முடிபையே மறுக்கிறாள். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். தேவியின் சிலம்பில் இருப்பது முத்து என்று மன்னனே ஒப்புகிறான். சான்று எதிரியின் வாயிலிருந்தே வந்தது! முறைப்பிழையை மட்டும் காட்டியிருந்தால் மறுவிசாரணையே கிட்டியிருக்கும். மாண்டவனுக்கு அதனால் ஆவதென்ன?

முறையை மட்டும் பார்ப்பதா, முடிபின் உண்மையையும் பார்ப்பதா என்னும் இவ்வழக்கு மலேசியாவிலும் நெடுநாள் நடந்தது. 1967ஆம் ஆண்டுத் தொழில்துறை உறவுச் சட்டம் தொழில்துறை நீதிமன்றத் தீர்ப்பை இறுதியானது என்றது. அதிகார எல்லையைப் பாதிக்காத சட்டப்பிழைக்காக அத்தீர்ப்பை நீக்கலாகாது என்று பிரிவி கவுன்சில் 1980இல் கதவை அடைத்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வேறுபாட்டை 1995இல் தள்ளிற்று. பின்னர் இராமச்சந்திரன் வழக்கில், 1997இல், கூட்டரசு நீதிமன்றத்தின் பெரும்பான்மை நீதிபதிகள் முடிபின் உள்ளீட்டையும் ஆராய்ந்து, வழக்கைத் திருப்பி அனுப்பாமல் தாமே நிவாரணமும் வழங்கினர். உடன்படாத நீதிபதி ஒருவரும் இருந்தார். மேலாய்வு மேல்முறையீடாகவே மாறிவிடும் என்னும் அச்சம் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆனால் வேலை இழந்தவனை ஆண்டுக்கணக்கில் மன்றத்துக்கு மன்றம் அலையவிடுவது அதனினும் கொடிது.

2021 சனவரி முதல் உயர்நீதிமன்றத்துக்கு நேரே மேல்முறையீடு செய்ய வழி திறந்தது. காலவரையறை, தீர்ப்புக் கைக்கு வந்த நாளிலிருந்து 14 நாள். திரிங்காப் மலைத் தோட்டத்தில் வேலைநீக்கம் பெற்ற ஒருவன் மலையிறங்கி, வழக்கறிஞரைக் கண்டு, தாள்களைச் சேர்த்து முடிக்க வேண்டியதும் அந்த 14 நாளுக்குள்தான்.