‘வல்லவன்’ திருப்பிய ஓசை

பின்லாந்தின் சொனாட்டா ஆர்க்டிகா குழு 2007இல் ‘யூனியா’ தொகுப்பை வெளியிட்டபோது பவர் மெட்டல் ரசிகர்கள் பலர் முகம் சுளித்தார்கள். வேகம் தணிந்து, பாட்டுகள் வளைந்து நெளிந்து போயின. ஓசையை மாற்றும் குழு பழைய ரசிகரை இழக்கும் என்பது அந்த உலகின் எழுதாத விதி. அதற்கு ஓராண்டு முன்பே கோலாலம்பூரில் நடந்த மாற்றம் இந்த விதிக்கு அடங்கவில்லை.

கதை 1998இல் தொடங்குகிறது. யோகி பி உள்ளிட்ட நால்வரின் மலேசியக் குழுவான பொயெட்டிக் அம்மோ தன் முதல் ராப் தொகுப்பை அப்போது வெளியிட்டது. ஆங்கிலமே தலைமை, மலாய், காண்டனீஸ், தமிழ் மூன்றும் விருந்தாளிகள். அதே ஆண்டில் சிங்கப்பூரின் ருத்ரா தன் பெயரிலேயே முதல் தொகுப்பைக் கொண்டுவந்தது. டெத் மெட்டல் கிதாருடன் வேதாந்தத்தையும் சமஸ்கிருத மந்திரங்களையும் சேர்த்த குழு அது. பின்னாளில் ‘பிரம்மவித்யா’ வரிசையில் மூன்று தொகுப்புகள் வரை அந்தப் பாதையிலேயே ஆழமாகப் போனது. யோகி பியோ தெருத் தமிழுக்குத் திரும்பினார்.

எம்சி ஜெஸ், டாக்டர் பர்ன் ஆகியோருடன் ‘யோகி பி & நட்சத்திரா’ என்ற பெயரில் அவர் 2006இல் தந்த ‘வல்லவன்’ தொகுப்புதான் திருப்பம். ‘நிழல்கள்’ (1980) படத்தில் இளையராஜா இசையமைத்த ‘மடை திறந்து’, இசைக் கனவு காணும் இளைஞனின் பாட்டு. அதையே எடுத்து ராப்பாக்கியது சாமர்த்தியம் மட்டுமல்ல, பொருத்தமும்கூட. ஆங்கில ராப் பெரும்பாலும் அடியின் முடிவில் இயைபைத் தேடும். தமிழ் எதுகையோ அடியின் தொடக்கத்திலேயே விழுகிறது. என் காதுக்கு, இந்தத் தொகுப்பின் அழுத்தம் முன்னுக்கு வந்தது அதனால்தான்.

மெட்டல் ஏன் மலேசியாவில் தமிழ் பேசவில்லை? டிரம் செட், ஆம்ப், சத்தம் போட இடம், இத்தனையும் வேண்டும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு அடுக்குமாடி வீடுகளுக்கு வந்த குடும்பத்துப் பிள்ளைக்கு ஒரு மைக்கும் ஒரு பீட்டும் போதும். கனத்த ஓசைக்கோ உறுமி இருந்தது. தைப்பூசத்தில் பத்துமலை அடிவாரத்தில் நிற்பவருக்கு, தோலைக் கோலால் தேய்த்து எழுப்பும் அந்த முனகல் நெஞ்சுக்கூட்டில் கேட்கும். கிள்ளானிலும் செந்தூலிலும் வளர்ந்தவர்களுக்கு அது இரவல் ஓசையல்ல.

பிறகு கோடம்பாக்கம் கூப்பிட்டது. ‘பொல்லாதவன்’ (2007), ‘ஆடுகளம்’ (2011), ‘விவேகம்’ (2017) என யோகி பியின் குரல் படங்களில் ஏறியது. ‘கபாலி’யிலும் (2016) ‘காலா’விலும் (2018) மலேசிய ராப்பர் ரோஷன் ஜாம்ராக்கும் ஒலித்தார். புகழ் பெருகியது, சந்தேகமில்லை. ஆனால் நாயகனின் நடைக்கு நடுவே சில வரி ராப் என்பது தாளிப்புக் கடுகுதான். ‘ஆடுகளம்’ படத்தின் ‘போர்க்களம்’ மட்டும் விதிவிலக்கு. அங்கே குரலே காட்சியை இழுத்துச் செல்கிறது.

இப்போது பிரிக்ஃபீல்ட்ஸ் கேசட் கடைகளின் காலம் முடிந்துவிட்டது. ஒற்றைப் பாடல்களே யூடியூபில் வருகின்றன. அவற்றில் சில அருமையானவை. ஆனால் பத்துப் பாடல்களைத் தொடர்ந்து கேட்டு, ஒரு குழு எங்கே திரும்பியது என்று பிடிக்க ‘வல்லவன்’ போல இன்னொன்று என் கைக்கு இன்னும் வரவில்லை.