ஒழுகும் கூரைக்கு ஒரு கிதார்

பாடகர் ரகு தீட்சித்தின் முதல் இசைத்தொகுப்பு 2008-இல் வெளிவந்தது. வெளியிட்டவர்கள் இந்தி இசையமைப்பாளர்கள் விஷால்–சேகர். ரகு மைசூரில் வளர்ந்தவர். பரதம் கற்றவர், நுண்ணுயிரியல் பட்டதாரி. கிதார் பிறகுதான் கைக்கு வந்தது.

எட்டுப் பாடல்களில் இந்தி, ஆங்கிலம், கன்னடம் மூன்றும் உண்டு. ‘மைசூர் ஸே ஆயி’ துள்ளலானது, சட்டென்று பிடித்துக்கொள்ளும். ஆங்கிலக் காதல் பாட்டு சுமார்தான். நின்று கேட்க வேண்டியவை கன்னடப் பாடல்கள் இரண்டும்.

அவை கன்னடக் கவிஞர் சிசுநாள சரீப் (1819–1889) இயற்றியவை. சரீப் பிறப்பால் இஸ்லாமியர். அவருடைய குரு கோவிந்தபட்டரோ பிராமணர். ஒரு பாட்டு ஹூக்காவைச் சாக்கிட்டு மனத்தைப் பேசுகிறது. இன்னொன்றில் வீட்டுக் கூரை ஒழுகுகிறது. ஓட்டைக்குக் காரணம் அஞ்ஞானம். சித்தர் பாடல் கேட்டுப் பழகிய தமிழ்க் காதுக்கு இந்தப் பேச்சு புதிதல்ல.

1990-இல் வந்த சரீப் பற்றிய திரைப்படத்தில் சி. அஸ்வத்தின் இசை இப்பாடல்களை வீடுதோறும் கொண்டுபோயிருந்தது. ரகு அந்தப் பாணியைப் பின்பற்றவில்லை. கிதாரின் தாளத்தில் தொடங்கி, தொண்டை கிழியக் கூவும் உச்சத்துக்கு ஏறுகிறார். சொல் சிதையவில்லை, அதுதான் சாமர்த்தியம். 2010-இல் பிபிசியின் ஜூல்ஸ் ஹாலண்ட் நிகழ்ச்சியிலும் அவர் பாடினார்.